மணிக்கு நாற்பது ஷில்லிங்

அந்தச் சட்டத்தை நகலெடுத்தது என் பேனாதான்.
குவேக்கர் ஒருவருக்குக் கூரை கொடுத்தால்
மணிக்கு நாற்பது ஷில்லிங் தண்டம்.
மை கொட்டாமல் எழுதினேன்.
அப்போது எதுவும் உறுத்தவில்லை.

ஜனவரி. ஜெப மண்டபத்தில் கணப்பு கிடையாது.
உறைந்த மைக்கூட்டை அக்குளில் இடுக்கி
உருக்கிக்கொண்டிருந்தேன்,
அவளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது.

சப்மிட் ட்ரஸ்கட். கைம்பெண். பசு ஒன்று.

விரிகுடாவின் இந்தக் கரையில்
பெண்பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயரிடுகிறோம்.
சப்மிட் என்றால் பணி.
தண்ணீர் தெளிக்கும்போதே
காதில் ஓதிவிடுகிற கட்டளை.

"இரவு பத்து மணிக்கு வந்திருக்கிறாள்,
காலை ஏழுக்குப் போயிருக்கிறாள்.
ஒன்பது மணி நேரம். பதினெட்டுப் பவுண்டு"
என்றார் நீதிபதி க்ரிம்ஸ்டன்.
எழுதத் தொடங்கினேன்.

"பதினொன்று" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.
"ஒன்பது மணிக்குத்தான் போனாள்.
சோளக்கூழ் அடுப்பில் இருந்தது.
குடித்துவிட்டுப் போ என்றேன்.
பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதல்லவா,
எனக்குச் சாதகமாக இருந்தாலும்."

யாரோ இருமினார்கள்.
எழுதியதை அடித்துவிட்டு
இருபத்திரண்டு என்று எழுதினேன்.

"அப்படியானால் நீயும் அவர்கள் ஆளா?"

"இல்லை. அந்த டாமரிஸ் ஆர்ட்லி சொல்வது தப்பு.
நெஞ்சுக்குள் ஓர் ஒளி இருக்கிறதாம்,
போதகர் வேண்டாமாம், அதுவே போதுமாம்.
விடிய விடிய வழக்காடினேன்.
ரோமரில் தொடங்கி எபிரெயர் வரை போனேன்.
அவள் குப்புறப் படுத்தபடியே பதில் சொன்னாள்.
உங்கள் சாட்டை கிழித்த முதுகுக்கு
பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டே
நான் மறுத்துச் சொன்னேன்.
அவள் மசியவில்லை. நானும்தான்.
தப்பு என்று ஒருத்தியிடம் சொல்வதற்கு
அவள் எதிரே உயிரோடு இருக்க வேண்டும், ஐயா.
சாட்டைக்கு வேதம் வாசிக்கத் தெரியாது."

க்ரிம்ஸ்டன் மேஜையைத் தட்டினார். மூன்று தட்டு.

அவள் முகம் ஒரு கணம் வேறெங்கோ போய் வந்தது.

"லிங்கன்ஷையரில் என் அப்பாவைப் பிடிக்க வந்தவர்களும்
மூன்று தட்டுத்தான் தட்டினார்கள்.
நாங்கள் அடுக்களையில் ரகசியமாய் ஜெபித்த காலம்.
எனக்கு ஒன்பது வயது.
அந்தக் கதவை விட்டு ஓடித்தான் கடல் ஏறினோம்.
பதினோரு வாரம். வழியில் என் தம்பியைக்
கடலில் இறக்கினோம்.
அவ்வளவு தூரம் வந்தது
தட்டுகிறவர்களாக மாறுவதற்கா?"

"உன் பெயருக்கு ஏற்றபடி நட, பெண்ணே!"

"நடக்கிறேன்.
பெயரில் பணி என்றுதான் இருக்கிறது.
யாருக்கு என்று இல்லை."

இதை நான் எழுதவில்லை.
மை மறுபடி உறைந்துவிட்டது என்று
பிறகு சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜப்திக்குப் போனோம்,
நானும் காவலர் இருவரும்.
ஈயத் தட்டு ஆறு. செப்புக் கெண்டி ஒன்று.
இறகு மெத்தை.
மெத்தையில் பழுப்பாய் வரிவரியாய்க் கறை.
அதற்காக விலையைக் குறைக்க வேண்டியிருந்தது.

கதவின் வெளியே
தாழ்ப்பாளின் தோல்வார் தொங்கிக்கொண்டிருந்தது.
வேண்டாதவர் வராமலிருக்க
இரவில் எல்லோரும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.
இவளுடையது வெளியிலேயே கிடந்து
பனியில் விறைத்திருந்தது.
ஓட்டைக்குள் தள்ளிவிடலாம் என்று கை போனது.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விட்டுவிட்டேன்.

பசு மட்டும் வாசலில் அடம்பிடித்தது.
மடி கனத்திருந்தது, கறக்க நேரம் தரவில்லை.
ஓட்டிப் போனவன் பின்னாலேயே
வேலி முடியும் வரை நடந்தாள்.
அழுகிறாளோ என்று கிட்டப் போனேன்.

"இடப்பக்கப் பின்காம்பு வெடித்திருக்கிறது.
மெதுவாகப் பிடி. இல்லையென்றால் உதைப்பாள்"
என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் என் கையெழுத்து இப்படி இருக்கிறது:
வசூல் பத்தொன்பது பவுண்டு.
பாக்கி மூன்று.